கவனிப்பாரற்ற இணையதளங்கள்

இணையதளம் ஒன்றை ஏற்படுத்தியதோடு தங்கள் கடமை தீர்ந்ததென்று கருதும் ஸ்தாபனங்கள் பல. ஆரம்ப தினத்தில் இருந்த உற்சாகம் மறு வருஷம் இருப்பதில்லை. மென்பொருளைப் புதுப்பிப்பாரும் இல்லை. இந்த அலட்சியத்தின் பலனை அறிய 2014-ம் வருஷத்து டிரூபல் விவகாரம் ஒன்றே போதும்.

டிரூபல் 7 என்பது பல லட்சம் தளங்கள் உபயோகித்த இலவச மென்பொருள். அவ்வருஷம் அக்டோபர் 15-ந் தேதி அதிலுள்ள ஒரு பெரும் ஓட்டை அறிவிக்கப்பட்டது. அதை அடைக்கும் 7.32 பதிப்பும் உடன் வெளியாயிற்று. அடைக்கும் வழி வெளியானதே ஓட்டை இருக்குமிடத்தைத் திருடர்களுக்குக் காட்டிற்று. அறிவிப்பு வெளிவந்த 7 மணி நேரத்துக்குள் புதுப்பிக்கப்படாத ஒவ்வொரு தளமும் பிறர் வசமாகிவிட்டதென்றே கொள்ளவேண்டுமென்று டிரூபல் பாதுகாப்புக் குழுவினர் 29-ந் தேதி எச்சரித்தனர். சில தளங்களில் புகுந்தவர்களே ஓட்டையை அடைத்துவிட்டனர். வேறு திருடன் பங்குக்கு வரக்கூடாதாம்!

'எங்கள் சிறு தளத்தை யார் நாடுவர்?' என்பர் சிலர். தாக்கும் இயந்திரம் சிறிது பெரிது பாராது, அகப்பட்டதையெல்லாம் சோதிக்கும். கைப்பற்றிய தளத்திலிருந்து மோசடிக் கடிதங்கள் கிளம்பும். நஷ்டமடைவோர் அதை நம்பிய பொதுஜனங்களே.

டிரூபல் 7-க்கு அதன் குழுவினர் அளித்துவந்த பாதுகாப்பும் 2025 ஜனவரி 5-ந் தேதியோடு நின்றுவிட்டது. ஆகவே தளம் நடத்துவோர்க்கு வழி இரண்டே: பொறுப்புள்ள ஒருவரை நியமித்து அவ்வப்போது புதுப்பிப்பது, இயலாதெனில் தளத்தை எடுத்துவிடுவது. காவலில்லாத வீட்டுக்கு ஊராரை வரவேற்பது தர்மமாகாது.