சுவர் இருக்கும்போதே

மே பிறந்துவிட்டால் புனேயில் பிள்ளைகளை எங்கே அழைத்துப்போவது என்ற பேச்சு எங்கள் குடியிருப்பில் தொடங்கிவிடும். சிங்ககட் கோட்டை, சனிவார் வாடா, கட்ரஜ் உயிரியல் பூங்கா, இல்லாவிட்டால் ஏசி மால். என்னைக் கேட்டால், கஸ்பா பேட் சந்துகளுக்குக் கூட்டிப்போங்கள் என்பேன். நுழைவுச்சீட்டு கிடையாது. வெயில் ஏறுமுன் போய்விட வேண்டும், அவ்வளவுதான்.

நகரத்தின் ஆகப் பழைய பேட்டை அது. 2012இல் ஹர்ஷவர்தன் கதம் என்ற ஓவியர் ‘புனே ஸ்ட்ரீட் ஆர்ட் புராஜெக்ட்’ என்ற பெயரில் இங்குள்ள சுவர்களில் தீட்டத் தொடங்கினார். டெல்லி லோதி காலனியும் நம் சென்னை கண்ணகி நகரும் சுவரோவியத்துக்குப் பேர்வாங்கியதெல்லாம் பிறகுதான். காட்சிக்கூடத்தை விட்டுவிட்டு, ஜனங்கள் துணி காயப்போடும் சந்துக்குப் போனாரே, அதற்காகவே அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

போன கோடையில் மதுரையிலிருந்து வந்திருந்த அண்ணன் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போனேன். சின்னவனுக்குப் படத்தைவிட, அதன் நடுவே மாட்டியிருந்த மீட்டர் பெட்டிதான் பிடித்துப்போயிற்று. பெட்டியின்மேலும் வண்ணம் ஓடியிருந்தது. பக்கத்தில் காரை உப்பிப்போய், தொட்டதும் நீலச் செதில் ஒன்று அவன் விரலோடு வந்துவிட்டது. “அத்தை, உரியுதே, யாரும் திருப்பிப் பூச மாட்டாங்களா?” என்றான். வாசலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த பாட்டியிடம் அவனுக்காக மராத்தியில் கேட்டேன். சாரம் கட்டி வரைந்த பையன்களுக்குத் தண்ணீரும் சாயாவும் தன் வீட்டிலிருந்துதான் போயின என்று அவர் ஆரம்பித்தார். அந்தப் பழைய வாடா வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப் பேச்சு நடக்கிறதாம். கட்டினால் சுவர் போய்விடும், படமும் போய்விடும். பையன் கையிலிருந்த செதிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அருங்காட்சியகத்தில் காவலர் இருக்கிறார், ‘தொடாதே’ என்ற பலகை இருக்கிறது. இங்கே படத்தோடு வாழ்கிறவர் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் பேசாமல் செல்ஃபி மட்டும் எடுத்துக்கொண்டு திரும்புவது எனக்குச் சம்மதமில்லை. அது ஒருவர் வீட்டுச் சுவர். கேட்டுவிட்டுப் படமெடுக்கப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும்.

அதே பேட்டையில்தான் தாம்பட் ஆளி. பேஷ்வாக்கள் காலம் தொட்டு செம்பும் பித்தளையும் தட்டுகிற தாம்பட்டுகளின் சந்து. சுத்தியல் சத்தம் தெருமுனையிலேயே காதை நிறைக்கும். செம்புக் குடத்தின்மேல் ஒரே அளவில் வரிசை பிசகாமல் குழிகள் விழும்படி தட்டுவதை மட்டார்காம் என்கிறார்கள். பெரியவள் அதை நோட்டில் வரைந்து பார்த்தாள். நாலு வரிசைக்குள் கோணிவிட்டது. அழித்து அழித்து வரைந்தாளே தவிர, அங்கிருந்து கிளம்பவே இல்லை. சுவரோவியம் பார்க்கப் போகிறவர்கள் இந்தச் சந்தைத் தவறவிடக் கூடாது.

அரசின் தூய்மைக் கணக்கெடுப்பு நெருங்கினால் நம் நகரங்களில் மேம்பாலத் தூண்களும் மதில்களும் வண்ணம் பெறுகின்றன. எங்கு போனாலும் அதே மரம், அதே பூமி உருண்டை, அதே வாசகம். அந்தத் தெருவில் யார் இருந்தார்கள், என்ன தொழில் நடந்தது என்பதற்கு அதில் இடமே இல்லை. அந்தச் சுவர்களில் கொஞ்சத்தை அந்தந்தப் பகுதிப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்க்கலாமே! வார்டுக்கு ஒரு மாநகராட்சிப் பள்ளி மதில் போதும். விடுமுறையில் தெருப் பெரியவர்களிடம் கதை கேட்டு, ஓவியம் தெரிந்த ஒருவர் துணையோடு பிள்ளைகளே வரையட்டும். புனேயில் மழை ஜூனில் இறங்கிவிடுகிறது. புதுப்பூச்சு காய மே மாதம்தான் தோது. வருகிற கோடையிலேயே கஸ்பா பேட்டில் ஒரு மதிலோடு மாநகராட்சி இதைத் தொடங்க வேண்டும்.