தேயிலைக்குள்ள பாதுகாப்பு தொழிலாளருக்கும் வேண்டும்

இலங்கைத் தேயிலை வெளிநாடுகளைச் சென்றடையும்போது அதிலுள்ள இரசாயன எச்சம் ஆய்வுகூடங்களில் அளக்கப்படுகின்றது. அளவு மீறினால் சரக்கு நிராகரிக்கப்படுகின்றது. ஆனால், டிக்கோயாத் தோட்டங்களில் முதுகில் கலன் சுமந்து மருந்து தெளிக்கும் தொழிலாளியின் உடலிற் சேரும் இரசாயனத்தை அளப்பவர் யார்?

2015இல் கிளைபொசேட் களைகொல்லி தடைசெய்யப்பட்டது. மாற்றாகப் பாவிக்கப்பட்ட எம்.சி.பி.ஏ.யின் எச்சம் தேயிலையில் காணப்பட்டதையடுத்து ஜப்பான் ஆட்சேபித்தது. 2018 ஜூலையில் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்த்தப்பட்டது. இத்தளர்வு குறித்த விவாதத்தில் ஏற்றுமதி வருமானம் பெற்ற இடத்தைத் தொழிலாளியின் உடல்நலம் பெறவில்லை.

நஞ்சு என்றால் வாந்தியும் மயக்கமும் என்றே நாம் எண்ணுகின்றோம். ஓமோன்களைக் குழப்பும் இரசாயனங்கள் அவ்வாறு அறிகுறி காட்டுவதில்லை. ஓமோன்கள் மிகச் சிறிய அளவிலேயே உடலை இயக்குபவை. சில இரசாயனங்கள் அவற்றைப்போல் நடிக்கின்றன. சில அவற்றின் வழியை அடைக்கின்றன. இத்தகையவை என அறியப்பட்ட அல்லது சந்தேகிக்கப்படும் இரசாயனங்கள் சுமார் 800 என உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. சுற்றாடல் திட்டமும் 2013இல் வெளியிட்ட அறிக்கை தெரிவித்தது. உருளைக்கிழங்கு, தக்காளிச் செய்கையில் பங்கசு நோய்களுக்குத் தெளிக்கப்படும் மன்கோசெப் அத்தகைய ஒன்று என்பதும் ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் அதன் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்ததற்கு ஒரு காரணமாகும். அது உடைந்து உருவாகும் பொருள் தைரொயிட்டுச் சுரப்பியைத் தாக்கவல்லது. கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைரொயிட்டு ஓமோன் இன்றியமையாதது.

டிக்கோயாவில் இத்தகைய பாதிப்பு ஏற்பட்டுள்ளது என நாம் கூறவரவில்லை. ஆயினும், அளந்து பார்க்காமல் இல்லையென்று கூறுவதும் நியாயமன்று. இது மலையகத்துக்கு மட்டுமுரிய விடயமுமன்று. டிக்கோயாச் சரிவுகளின் மழைநீர் காசல்ரீ நீர்த்தேக்கத்தையும் கெஹெல்கமு ஓயாவையும் கடந்து களனி கங்கையாகின்றது. தலைநகரில் வாழும் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருந்துவது அந்தக் களனி நீரையே.

பீடைகொல்லிகளைக் கட்டுப்படுத்த 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் உண்டு. 2017இல் 150 கட்டில்களுடன் திறக்கப்பட்ட கிளங்கன் வைத்தியசாலை டிக்கோயாவிலேயே உள்ளது. மருந்து தெளிப்போருக்கும் கர்ப்பிணிகளுக்கும் அங்கு காலத்துக்குக் காலம் பரிசோதனை நடத்துவது இயலாத காரியமன்று. தோட்ட நிர்வாகங்கள் பாதுகாப்பு அங்கிகளை வழங்குவதோடு, மருந்து தெளித்த மலைகளில் உடனடியாகக் கொழுந்து பறிக்க அனுப்புவதையும் தவிர்த்தல் வேண்டும்.

தேயிலையை அருந்துபவரின் நலனுக்கு ஓர் அளவுகோல் இருக்குமாயின், அதனைப் பறிப்பவரின் நலனுக்கும் ஓர் அளவுகோல் வேண்டும். மலையக மக்கள் பிரதிநிதிகளும் தொழிற்சங்கங்களும் சம்பளப் பேச்சுவார்த்தையில் இதனையும் ஒரு கோரிக்கையாக முன்வைப்பார்களா?