பொகோட்டாவில் சைக்கிள்: பூஜ்யத்துக்குத் தெற்கே போகாதவர்கள்

பொகோட்டாவுக்குப் போய்வந்த டூரிஸ்ட் யாரையாவது பிடித்து "ஊரு எப்படி?" என்று கேளுங்கள். முக்கால்வாசிப் பேர் "சைக்கிள்ல சுத்திப் பார்த்தோம், சூப்பர்" என்பார்கள். எங்கெங்கே சுற்றினீர்கள் என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். லா கந்தெலாரியாவின் கலர் கலர் வீடுகள், போலீவர் சதுக்கத்துப் புறாக்கள், சுவர் ஓவியங்கள், அப்புறம் ஏழாவது கார்ரேராவைப் பிடித்து நேரே வடக்கே உசாக்கேன், அங்கே ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, ஒரு காபி. முடிஞ்சது. என் கட்சி என்னவென்றால், இவர்கள் பார்த்தது பாதி ஊர்தான். கையில் சைக்கிளும் இருந்து, ரோடும் காலியாக இருந்து, பாதி ஊரோடு திரும்புவது பஃபேக்குக் காசு கட்டிவிட்டு சாலட் மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்து வருவது மாதிரி.

ஆபீஸ் வேலையாக மூன்று மாதம் அங்கே இருந்தேன். திங்கள் முதல் வெள்ளி வரை சர்வர், சனிக்கிழமை தூக்கம், ஞாயிறு சைக்கிள். எஞ்சினியரிங் ஹாஸ்டலில் நாலு வருஷம் ஓட்டின பழக்கம் இருக்கே என்ற தைரியம். ஆனால் ஊர் 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நம்ம ஊட்டியை விட உசரம். முதல் வாரம் ஒரு சின்ன மேம்பாலம் ஏறினாலே நெஞ்சு டிரம்ஸ் வாசிக்கும். ரெண்டாவது வாரம் சரியாயிடும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். சிக்லோவியா என்பது என்னவென்றால், ஞாயிறு காலை 7 மணியிலிருந்து மதியம் 2 மணி வரை ஊரின் முக்கியமான ரோடுகளில் 120 கிலோமீட்டருக்கு மேல் காரும் பஸ்ஸும் கிடையாது. நடு ரோட்டில் சைக்கிள், ஸ்கேட்டிங், ஓட்டம், நாய், குழந்தைத் தள்ளுவண்டி, வாக்கர் பிடித்த பாட்டி. வருஷத்துக்கு ஒரு நாள் நடக்கும் திருவிழா இல்லைங்க, வாரா வாரம். அரசு விடுமுறைகளிலும் உண்டு. 1983-ல் போட்ட ஒரு சட்டப்படி கொலம்பியாவில் பல விடுமுறைகளைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவிடுவார்கள். அதனால் சில வாரம் அடுத்தடுத்து ரெண்டு நாள் லாட்டரி.

இதை ஆரம்பித்து வைத்தது அரசாங்கம் இல்லை. 1974 டிசம்பர் 15 அன்று, ஹைமே ஓர்தீஸ் மரீனோ என்ற கட்டடக் கலைஞரும் அவருடைய கூட்டாளிகளும், ஊர் முழுக்கக் காருக்கே எழுதிக் கொடுக்கிறார்கள் என்று எதிர்ப்புக் காட்ட ரோட்டை மூடி சைக்கிள் விட்டார்கள். அது ஒரு போராட்டம். 1976-ல் நகராட்சி ஆணை போட்டு அதைத் தன்னுடையதாக்கிக் கொண்டது. 1990-களின் நடுவில் சில கிலோமீட்டராக இருந்தது பல மடங்கு விரிந்தது. இது தவிர வாரம் முழுக்க இருக்கிற தனி சைக்கிள் தடங்கள் வேறே. என்ரிக்கே பெனியலோசா முதல் தடவை மேயராக இருந்தபோது (1998–2000) பெரிய அளவில் தொடங்கினது, இன்றைக்கு 500 கி.மீ.க்கு மேல் இருக்கிறது.

இனி என் பூஜ்யக் கதை.

பொகோட்டாவின் முகவரி முறையைப் பார்த்தால் எந்த சாஃப்ட்வேர் ஆளுக்கும் காதல் வந்துவிடும். கிழக்கே மலைச்சுவர். மலைக்கு இணையாக வடக்கு தெற்காகப் போகிற ரோடு எல்லாம் கார்ரேரா. மலையிலிருந்து இறங்கி மேற்கே போகிறதெல்லாம் காயே. எல்லாத்துக்கும் நம்பர். "காயே 10, எண் 5-22" என்றால் பத்தாவது காயேயில், ஐந்தாவது கார்ரேரா முனையிலிருந்து சுமார் 22 மீட்டர் தள்ளி. முகவரியே ஆயத்தொலைவு! வழி தவறினால் மலையைப் பார்த்து நில்லுங்கள், இடது கைப் பக்கம் வடக்கு. ஜிபிஎஸ் எதற்கு?

காயே நம்பர் தெற்கே போகப் போகக் குறைந்துகொண்டே வரும். போலீவர் சதுக்கத்தில் பத்து. அதற்குக் கீழே ஆறு, மூணு, ஒண்ணு. அதுக்கப்புறம்? அதுக்கப்புறமும் ஊர் இருக்கிறது. மறுபடி ஒண்ணிலிருந்து ஆரம்பிக்கும், ஆனால் பின்னால் "சூர்" என்று ஒட்டிக்கொள்ளும். சூர் என்றால் தெற்கு. காயே 1 சூர், காயே 27 சூர், காயே 48 சூர். கிராஃப் பேப்பரில் மைனஸ் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். லட்சக்கணக்கான ஜனம் குடியிருக்கிற மைனஸ் பக்கம்.

இது வெறும் கணக்கு இல்லை. இருபதாம் நூற்றாண்டில் பணக்காரக் குடும்பங்கள் மையத்தை விட்டு வடக்கே நகர ஆரம்பித்தன. 1948 ஏப்ரல் 9-ல் ஹோர்ஹே எலியேசர் கைத்தான் சுட்டுக் கொல்லப்பட்டு ஊரே பற்றி எரிந்த பிறகு அது வேகம் பிடித்தது. (அவர் விழுந்த இடம் ஏழாவது கார்ரேராவில்தான். ஞாயிறு சைக்கிள்காரர்கள் அதைத் தாண்டித்தான் போகிறார்கள், சுவரில் பலகைகள் இருக்கின்றன.) அடுத்த பல வருஷங்களில் கிராமப்புற வன்முறைக்குத் தப்பி ஓடிவந்தவர்களில் பெரும்பகுதி தெற்கிலும் தென்மேற்கிலும் வீடு போட்டார்கள். இதற்கு மேல் அரசாங்கமே ஒவ்வொரு வீட்டுப் பகுதிக்கும் 1 முதல் 6 வரை "எஸ்த்ராத்தோ" என்று ஒரு படிநிலை கொடுத்திருக்கிறது. 1, 2, 3 என்றால் கரண்ட், தண்ணி பில்லில் மானியம், 5, 6 என்றால் கூடுதல் கட்டணம். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த நம்பர் பில்லோடு நிற்குமா? "அவ எஸ்த்ராத்தோ ஆறு" என்று ஆளையே அளக்கிற அளவுக்கு வந்துவிட்டது. நமக்குப் புரியாத விஷயமா இது!

இப்போது சைக்கிள் டூர் நடத்துகிறவர்களின் ரூட்டை எடுத்துப் பாருங்கள். நான் போன ஒன்று நன்றாகவே இருந்தது, குறை சொல்ல மாட்டேன். சுவர் ஓவியம் பற்றி வழிகாட்டிப் பையன் பிரமாதமாகச் சொன்னான். 2011-ல் சுவரில் வரைந்துகொண்டிருந்த 16 வயசுப் பையனைப் போலீஸ் சுட்டது, 2013-ல் ஜஸ்டின் பீபர் போலீஸ் பாதுகாப்போடு வந்து வரைந்துவிட்டுப் போனது, அதில் கடுப்பாகி உள்ளூர் ஓவியர்கள் கும்பலாகக் கிளம்பினது என்று எல்லாம். ஆனால் சைக்கிள் காயே ஆறுக்குக் கீழே இறங்கவே இல்லை. 2022-ல் வந்த பொது வாடகை சைக்கிள் திட்டத்தின் ஸ்டாண்டுகளும் பெரும்பாலும் பூஜ்யத்துக்கு வடக்கேதான். நான் தனியாக சைக்கிள் எடுத்த கடைக்காரர் மேப்பில் பேனாவால் ஒரு கோடு கிழித்து "இதுக்குக் கீழே வேணாம்" என்றார். நீங்க எங்கே குடியிருக்கீங்க என்று என் உடைந்த ஸ்பானிஷில் கேட்டேன். "கீழேதான்" என்று சிரித்தார்.

பயம் பொய்யா? இல்லை. பொகோட்டாவில் சைக்கிள் திருட்டு நிஜம், கத்தி காட்டிப் பிடுங்குவதும் நிஜம். "நோ தார் பபாயா" என்று ஒரு பழமொழியே வைத்திருக்கிறார்கள். அதாவது பப்பாளி கொடுக்காதே, உன்னை ஏமாத்த நீயே வழி செஞ்சு கொடுக்காதே. இருட்டில், ஆளில்லாத தடத்தில், போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினால் வடக்கிலும் பப்பாளி பப்பாளிதான்.

ஆனால் நான் சொல்வது புதன்கிழமை ராத்திரி இல்லை. ஞாயிறு காலை பத்து மணி. சிக்லோவியாவின் ரோடுகள் பூஜ்யத்தோடு நிற்பதில்லை. ப்ரிமேரோ தே மாயோ சாலை, அவெனிதா போயாக்கா, எல் துனால் பூங்கா என்று தெற்கே நீள்கிறது. அதே சீருடைக் காவலர்கள், அதே தடுப்புகள், வடக்கை விடக் கூட்டம் ஜாஸ்தி. ஒரு டூரிஸ்ட் அந்தப் பக்கம் நிம்மதியாகப் போய்வர, நகராட்சி தன் செலவில் வாரத்துக்கு ஏழு மணி நேரம் ரோட்டை மூடிக் கொடுக்கிறது. போலீவர் சதுக்கத்திலிருந்து உசாக்கேன் பத்து கி.மீ.க்கு மேல். அதே சதுக்கத்திலிருந்து 20 தே ஹூலியோ பேட்டை நாலைந்து கி.மீ.தான். பத்து போகிற காலுக்கு அஞ்சு போக முடியாதா?

20 தே ஹூலியோவில் ரோஸ் கலர் அங்கியோடு கையை உயர்த்தி நிற்கிற குழந்தை ஏசு கோயில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அங்கே கூடுகிற ஜனத்தைப் பார்த்தால் வேளாங்கண்ணி பஸ் ஸ்டாண்ட் ஞாபகம் வரும். மெழுகுவர்த்தி, பலூன், கோழி சூப், லாட்டரி டிக்கெட். வழியில் சொந்தடூரோ விற்பார்கள், ஒரு வகைப் பனையின் பழம், வேகவைத்து உப்பும் தேனும் போட்டுத் தருவார்கள். ருசி பனங்கிழங்குக்கும் சர்க்கரைவள்ளிக்கும் நடுவில் எங்கேயோ இருக்கும். குளிருக்கு அகுவாபனேலா, அதாவது வெல்லம் கரைத்த சுடுதண்ணி, எலுமிச்சை பிழிந்து. நம்ம பானகத்தின் சுடுபங்காளி :-) 2019-ல் டூர் தே ஃபிரான்ஸ் ஜெயித்த ஏகன் பெர்னால் ஊர்க்காரர்கள் இதைக் குடித்துத்தான் மலை ஏறுகிறார்கள் என்று பெருமை வேறு.

என் செயின் கழன்றதும் அந்தப் பக்கம்தான். ரோட்டோரம் குடை போட்டு உட்கார்ந்திருந்த மெக்கானிக் "என்ன வெசீனோ?" என்று கேட்டார். வெசீனோ என்றால் பக்கத்து வீட்டுக்காரர். பொகோட்டாவில் கடைக்காரரும் வாடிக்கையாளரும் ஒருத்தரை ஒருத்தர் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பத்து நிமிஷ வேலைக்கு அவர் வாங்கின காசு உசாக்கேனில் நான் குடித்த காபி விலையில் பாதி கூட இல்லை.

உடனே ஒரு நண்பர் சண்டைக்கு வந்தார். "ஏழைங்க இருக்கிற இடத்தை வேடிக்கை பார்க்கப் போறது அசிங்கம் இல்லையா?" நியாயமான கேள்வி. கண்ணாடி ஏத்தின வேனில் போய் ஜன்னல் வழியாகப் போட்டோ எடுத்தால் அசிங்கம்தான். ஆனால் ஞாயிறு அந்த ரோட்டில் இருக்கிற எல்லாரும் சைக்கிள் ஓட்டத்தான் வந்திருக்கிறார்கள். பெண்ணைக் கேரியரில் வைத்துக்கொண்டு போகிற அப்பா என்னை வேடிக்கை பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், ரெண்டு பேரும் மேட்டில் ஒரே மாதிரி மூச்சு வாங்கினோம். அவருக்கு நான் ஒரு காட்சி, பழுப்புத் தோல் வைத்துக்கொண்டு ஸ்பானிஷ் வராத ஒரு விசித்திரம். அதோடு, "மரியாதைக்காக" தெற்கே போகாமல் இருப்பவர்களின் காசு முழுக்க வடக்கே போய்ச் சேருகிறது. அந்த மரியாதையால் குடைக்கார மெக்கானிக்குக்கு என்ன பிரயோஜனம்?

இன்னொரு விஷயம் வார நாளில் தெரியும். காலையில் தென்மேற்கே கென்னடி, போசா பக்கமிருந்து சைக்கிள் தடங்களில் கூட்டம் கூட்டமாக வருவார்கள். ஹெல்மெட், முதுகில் சாப்பாட்டுப் பை. பஸ் காசை மிச்சம் பிடிக்கிறவர்கள், வடகிழக்கு ஆபீஸ்களைப் பெருக்கவும் காவல் காக்கவும் போகிறவர்கள். என் ஆபீஸ் செக்யூரிட்டி அண்ணனும் அதில் ஒருவர், ஒரு வழிக்கு ஒண்ணரை மணி நேரம். நான் ஞாயிற்றுக்கிழமை 20 தே ஹூலியோ போனேன் என்றதும் அவர் முதலில் கேட்டது "எதுக்கு?" ரெண்டாவது கேட்டது "சூப் சாப்பிட்டீங்களா?"

போகிறவர்களுக்கு: மெட்ரோ கட்டுமானத்தால் சில ரோடுகளில் பாதை மாறிக்கொண்டே இருக்கிறது, கிளம்பும் முன் அந்த வார மேப்பைப் பார்த்துவிடுங்கள். ஏழு மணிக்கே இறங்குங்கள், மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான். போன் பைக்குள் இருக்கட்டும். பாஸ்போர்ட் ஜெராக்ஸ் போதும். சிக்லோவியா ரோட்டை விட்டுச் சந்துக்குள் நுழையாதீர்கள். முக்கியமாக நேரம். ரெண்டு மணி அடித்ததும் காவலர்கள் தடுப்புகளைத் தூக்கிவிடுவார்கள், வாரம் முழுக்க இதுக்காகவே காத்திருந்த மாதிரி பஸ்கள் பாயும். ஒண்ணரைக்கே பூஜ்யத்தைத் தாண்டி மேலே வந்துவிடுங்கள்.