கிரிப்டோவில் ஏமாந்தவர்களுக்காக யார் பேசுவது?

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் பெட்ரோல் பங்க்கை ஒட்டிய கடைகளுக்குள் நுழைந்தால், பல இடங்களில் ஆளுயர இயந்திரம் ஒன்று நிற்பதைப் பார்க்கலாம். பார்வைக்கு வங்கி ஏடிஎம் போலவே இருக்கும். ஆனால் இதன் முக்கிய வேலை பணம் வாங்கிக்கொள்வது. கைபேசியில் உள்ள கியூஆர் கோடை அதற்குக் காட்டி, நோட்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே செலுத்த வேண்டும். கமிஷன் போக மீதிப் பணம் பிட்காயினாக மாறி, அந்தக் கோடுக்கு உரியவரின் கணக்கில் போய் விழுந்துவிடும். விழுந்தது விழுந்ததுதான். வங்கியில் செக்கை நிறுத்திவைப்பது போல இதை நிறுத்த வழியில்லை.

மோசடிக்காரர்களுக்கு இது எவ்வளவு தோதான ஏற்பாடு என்பதை விளக்கத் தேவையில்லை. தனியாக வசிக்கும் ஒரு மூதாட்டிக்குப் போன் வருகிறது. "உங்கள் வங்கிக் கணக்குக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள். பணத்தை உடனே எடுத்து, நாங்கள் சொல்லும் பெட்டகத்தில் போட்டால்தான் தப்பும்" என்கிறார் அரசு அதிகாரி என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர். மூதாட்டி வங்கிக்குப் போகிறார், பணத்தை எடுக்கிறார், பங்க்குக்கு வருகிறார். கடைசி நோட்டு உள்ளே போகும்வரை அந்த ஆள் போனை வைக்கவிடுவதில்லை. இப்படி ஏமாந்ததாகப் புகார் கொடுத்தவர்களின் இழப்பைப் பெரிய தொகையிலிருந்து சிறியதுவரை வரிசைப்படுத்தினால், நடுவில் நிற்பது 10,000 டாலர் என்று 2024-இல் நுகர்வோரைக் காக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் சொன்னது. இந்த வலையில் விழும் வாய்ப்பு, இளையவர்களைவிட 60 வயதைக் கடந்தவர்களுக்கு மூன்று மடங்குக்கும் அதிகம்.

இயந்திரம் ஒரு வழி மட்டுமே. கிரிப்டோ சம்பந்தப்பட்ட மோசடிகளில் 2024-இல் மட்டும் மக்கள் இழந்ததாக எஃப்பிஐ-யிடம் பதிவான மொத்தத் தொகை 930 கோடி டாலர். அதில் சுமார் 280 கோடி, 60 வயதுக்கு மேற்பட்டவர்களின் பணம். வெட்கத்தால் புகாரே கொடுக்காதவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

அதே 2024, அமெரிக்க அதிபர் தேர்தல் ஆண்டு. அதுவரை நடந்த எந்த அதிபர் தேர்தலிலும் கிரிப்டோ இத்தனை சத்தமாகப் பேசப்பட்டதில்லை. பேசியவர்கள் எதைப் பேசினார்கள் என்பதுதான் கேள்வி.

2021-இல் பிட்காயின் மோசடி போலத் தெரிகிறது என்று தொலைக்காட்சியில் சொன்னவர் டொனால்ட் டிரம்ப். 2024 ஜூலை 27 அன்று அவரே டென்னசி மாநிலம் நாஷ்வில்லில் நடந்த பிட்காயின் மாநாட்டு மேடையில் நின்றார். அமெரிக்காவை உலகின் கிரிப்டோ தலைநகராக்குவேன், அரசே பிட்காயினைச் சேமித்து வைக்கும் என்றார். பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவர் கேரி கென்ஸ்லரை முதல் நாளிலேயே வேலையைவிட்டு அனுப்புவேன் என்று சொன்னதும் அரங்கமே எழுந்து ஆர்ப்பரித்தது. அவருக்கே அது வியப்பாக இருந்தது. அந்த வாக்குறுதியை இன்னொரு முறை சொன்னார். ஏமாந்த முதியவர்களைப் பற்றிய திட்டம் எதுவும் அந்த மேடையில் வெளியாகவில்லை.

எதிர்த்தரப்பும் இந்த விஷயத்தில் பெரிதாக மாறுபடவில்லை. கமலா ஹாரிஸ் செப்டம்பரில் நியூயார்க் நிதி திரட்டும் கூட்டத்தில் டிஜிட்டல் சொத்துகளை ஊக்குவிப்போம் என்றார். நுகர்வோரையும் காப்போம் என்று சேர்த்துக்கொண்டார். எப்படிக் காப்பார் என்பது பிரசாரம் முடியும்வரை தெளிவாகவில்லை. அதற்கு முன்பே குடியரசுக் கட்சியின் வேட்பாளர் போட்டியில் இருந்த விவேக் ராமசாமி கிரிப்டோவுக்கென்றே தனிக் கொள்கை அறிக்கை வெளியிட்டிருந்தார். ஹாரிஸ், ராமசாமி இருவரின் தமிழ் வேரைப் பற்றி நம் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. இந்த விஷயத்தில் அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதையும் எழுதியிருக்கலாம்.

நாஷ்வில் கூட்டம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், கான்சாஸ் மாநிலத்தில் உள்ள ஃபெடரல் நீதிமன்றம் ஒன்றில் ஒரு தீர்ப்பு வந்தது. மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், ஓக்லஹோமா எல்லையை ஒட்டி எல்கார்ட் என்றொரு விவசாய ஊர். ஜனத்தொகை 2,000 அளவுதான் இருக்கும். ஊர்க்காரர்கள் பங்கு போட்டு நடத்திய ஹார்ட்லேண்ட் டிரை-ஸ்டேட் வங்கிதான் அங்கே விதை வாங்கவும் டிராக்டர் வாங்கவும் கடன் கொடுத்தது. அதன் தலைமை அதிகாரி இணையத்தில் அறிமுகமான ஆட்களின் பேச்சை நம்பி கிரிப்டோவில் பணம் போட ஆரம்பித்தார். முதலில் சொந்தப் பணம், மகளின் படிப்புக்கு வைத்திருந்த பணம். பிறகு அவர் போய்வந்த தேவாலயத்தின் பணம், ஊர் முதலீட்டுக் குழுவின் பணம். கடைசியில் 2023 மே மாதத்துக்கும் ஜூலைக்கும் இடையில், வங்கியிலிருந்தே 4.7 கோடி டாலரைத் தவணை தவணையாக அனுப்பினார். இன்னும் கொஞ்சம் போட்டால்தான் போட்டதை எடுக்க முடியும் என்று அந்தப் பக்கம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வங்கி திவாலானது.

அவருக்கு 24 ஆண்டுகளுக்கு மேல் சிறை. அது நியாயமான தண்டனை, திருடியவர் அவர். ஆனால் அவர் கையிலிருந்து பணத்தைப் பறித்தவர்கள் யாரும் அந்தக் கூண்டில் நிற்கவில்லை. டெபாசிட் போட்டவர்களை அரசின் காப்பீடு காப்பாற்றியது. பங்கு வைத்திருந்தவர்களின் சுமார் 90 லட்சம் டாலர் ஒரே கோடையில் இல்லாமல் போனது. ஓய்வுக்காலத்துக்கு அதையே நம்பியிருந்த குடும்பங்கள் அதில் இருந்தன. பிறகு எஃப்பிஐ விரட்டிப் பிடித்து சுமார் 80 லட்சத்தை மீட்டுக் கொடுத்தது. விசாரணை அமைப்புக்கு ஆளும் அதிகாரமும் இருந்தால் பணத்தைத் திரும்ப எடுக்க முடியும் என்பதற்கு எல்கார்ட் ஓர் அத்தாட்சி. அதனாலேயே, அடுத்து நடந்தது எனக்கு ஆத்திரத்தைத் தருகிறது.

அடுத்து நடந்ததைப் புரிந்துகொள்ள, பணம் எங்கிருந்து எங்கே போனது என்று பார்க்க வேண்டும். காயின்பேஸ், ரிப்பிள், ஆண்ட்ரீசன் ஹோரோவிட்ஸ் ஆகிய நிறுவனங்களை முக்கியப் புரவலர்களாகக் கொண்ட ஃபேர்ஷேக் என்ற சூப்பர் பேக்கும் (வேட்பாளரைச் சாராமல் தேர்தலில் செலவழிக்கும் நிதிக் குழு) அதன் துணை அமைப்புகளும், 2024 தேர்தல் சுற்றுக்காக 20 கோடி டாலருக்கு மேல் திரட்டின. 2010-இல் சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புக்குப் பிறகு, வேட்பாளரிடம் நேரடியாகக் கொடுக்காதவரை இப்படிச் செலவிட உச்சவரம்பு கிடையாது. ஃபேர்ஷேக் அதிபர் போட்டியில் இறங்கவில்லை. அது குறிவைத்தது காங்கிரஸ் எனப்படும் நாடாளுமன்றத்தை. அதிபர் யாராக வந்தாலும் சட்டம் இயற்றுவது அங்கேதான்.

ஓஹையோவில் ஷெராட் பிரவுன், அப்போது செனட் வங்கிக் குழுவின் தலைவராக இருந்தவர். எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ பரிமாற்ற நிறுவனம் சரிந்த பிறகு கிரிப்டோவால் சாமானியருக்கு வரும் ஆபத்தைப் பற்றித் தொடர்ந்து விசாரணை நடத்தியவர். அவரைத் தோற்கடிக்க ஃபேர்ஷேக் அமைப்பு சுமார் 4 கோடி டாலர் செலவழித்தது. அவ்வளவு விளம்பரங்களிலும் கிரிப்டோ என்ற பேச்சே இல்லை. அவருடைய எதிராளி எவ்வளவு நல்லவர் என்றுதான் அவை சொல்லின. கலிஃபோர்னியாவில் செனட்டுக்குப் போட்டியிட்ட கேட்டி போர்ட்டருக்கு எதிராக சுமார் 1 கோடி டாலர். அங்கேயும் அவர்மீது வேறு குற்றச்சாட்டுகள்தான், கிரிப்டோ இல்லை. இருவரும் தோற்றார்கள். தோல்விக்கு இந்தப் பணம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஓஹையோவில் டிரம்ப் அலை அடித்தது. ஆனால் மற்ற உறுப்பினர்கள் பாடம் கற்றுக்கொள்ள அந்த இரண்டு தோல்விகளே போதுமானவை. அதே அமைப்பு அரிசோனா, மிச்சிகன் செனட் போட்டிகளில் ஜனநாயகக் கட்சியினருக்காகத் தலா 1 கோடி அளவுக்குச் செலவழித்தது. அதாவது இது ஒரு கட்சியின் பாவம் இல்லை. 25 ஆண்டு சிறைத்தண்டனை பெற்ற எஃப்டிஎக்ஸ் நிறுவனர் சாம் பேங்க்மேன்-ஃபிரைடும், வாடிக்கையாளர் பணத்திலிருந்து இரு கட்சிக்கும் அள்ளிக்கொடுத்தவர்தான்.

கிரிப்டோ நிறுவனங்களின் மனக்குறையையும் சொல்லிவிட வேண்டும். எது பங்குப் பத்திரம், எது இல்லை என்று கென்ஸ்லரின் ஆணையம் தெளிவான விதி வகுக்காமல் வழக்குமேல் வழக்காகப் போட்டது உண்மை. நேர்மையாகத் தொழில் செய்ய நினைத்தவர்களுக்கும் அது சங்கடமாகத்தான் இருந்தது. விதி கேட்பது அவர்களின் உரிமை. தங்கள் பெயரை மறைத்து, வேறு விஷயத்தைப் பேசி வாக்காளரின் முடிவைத் திருப்புவது உரிமை ஆகாது.

2025 ஜனவரி 17. பதவியேற்புக்கு மூன்று நாள் முன்பு டிரம்ப் தன் பெயரிலேயே மீம் காயின் வகைக் கிரிப்டோ நாணயம் ஒன்றை வெளியிட்டார். அதில் 80 சதவீதம் அவரைச் சார்ந்த நிறுவனங்களின் கையில். இரண்டே நாளில் விலை 70 டாலரைத் தாண்டியது, பிறகு சரிந்தது. மே மாதம் செயினாலிசிஸ் என்ற ஆய்வு நிறுவனம் கணக்குப் பார்த்தபோது 58 கணக்குகள் தலா 1 கோடி டாலருக்கு மேல் லாபம் பார்த்திருந்தன. நஷ்டப்பட்டவை சுமார் 7,64,000 கணக்குகள். பெரும்பாலும் சிறு தொகை போட்டவர்கள். தங்கள் தலைவர் வெளியிட்டது என்ற நம்பிக்கையில் வாங்கியவர்கள் அவர்களில் எத்தனை பேரோ. அந்தக் காயினை அதிகம் வைத்திருந்த 220 பேருக்கு மே 22 அன்று வாஷிங்டனுக்கு அருகில் உள்ள டிரம்பின் கோல்ஃப் கிளப்பில் அதிபரோடு விருந்து. முதலிடத்தில் இருந்த கிரிப்டோ தொழிலதிபர் ஜஸ்டின் சன் மீதான பங்குச் சந்தை ஆணையத்தின் வழக்கு பிப்ரவரியிலேயே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. அதே மாதத்தில் காயின்பேஸ் மீதான வழக்கும் கைவிடப்பட்டது. ஏப்ரலில் நீதித்துறை, கிரிப்டோ குற்றங்களுக்கென்றே வைத்திருந்த தனிப் பிரிவைக் கலைத்தது.

அந்த ஆண்டு ஜூலை 18 அன்று டாலர் போன்றவற்றோடு மதிப்பைப் பிணைத்த கிரிப்டோ நாணயங்களான ஸ்டேபிள்காயின்களுக்கான ஜீனியஸ் சட்டம் கையெழுத்தானது. செனட்டில் 68 பேர் ஆதரித்தார்கள், 30 பேர் எதிர்த்தார்கள். ஆதரித்தவர்களில் 18 பேர் ஜனநாயகக் கட்சியினர். காங்கிரஸ் உறுப்பினர்கள் ஸ்டேபிள்காயினில் லாபம் பார்ப்பதை அந்தச் சட்டம் தடுக்கிறது. அதிபரையும் அவர் குடும்பத்தையும் அந்தத் தடை தொடவில்லை. டிரம்ப் குடும்பம் சம்பந்தப்பட்ட வேர்ல்டு லிபர்ட்டி ஃபைனான்ஷியல் அப்போதே சொந்த ஸ்டேபிள்காயின் வெளியிட்டிருந்தது. அரசு ஊழியர் ஒருவர் தனக்கு லாபம் உள்ள விஷயத்தில் முடிவெடுத்தால் குற்றம் என்று அமெரிக்காவில் ஏற்கெனவே சட்டம் இருக்கிறது. அதிலும் அதிபருக்கும் துணை அதிபருக்கும் விலக்கு.

முதலில் அந்த விலக்கை எடுக்க வேண்டும். அதிபர், துணை அதிபர், அவர்களின் குடும்பத்தினர் பதவிக்காலத்தில் காயின் வெளியிடவோ விளம்பரப்படுத்தவோ கூடாது என்று தடை கோரும் மசோதாக்கள் 2025-இலேயே இரு அவைகளிலும் தாக்கலாயின. அவற்றைக் கிடப்பில் போட எந்த நியாயமும் இல்லை. டிரம்ப்மீது கோபம் உள்ளவர்கள் மட்டும் கேட்க வேண்டிய விஷயம் இல்லை இது. 2028-இல் எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் இதே வாசல் அவருக்கும் திறந்தே இருக்கும்.

விளம்பரப் பணத்துக்கு வழி கலிஃபோர்னியாவிலேயே இருக்கிறது. அந்த மாநிலத் தேர்தல்களில் வெளியார் குழு விளம்பரம் போட்டால், அதிகம் பணம் கொடுத்த மூவரின் பெயரை விளம்பரத்திலேயே காட்ட வேண்டும். போர்ட்டர் போட்டியிட்டது ஃபெடரல் பதவிக்கு என்பதால் அதே மாநில மக்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்காமல் போனது. இந்த விதியைச் செனட், பிரதிநிதிகள் சபை, அதிபர் தேர்தல் மூன்றுக்கும் காங்கிரஸ் கொண்டுவர வேண்டும். கிரிப்டோவுக்கு மட்டுமல்ல, எண்ணெய்க்கும் மருந்துக்கும் சேர்த்துத்தான். கலைத்த தனிப் பிரிவையும் நீதித்துறை திரும்ப அமைக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட அவசரம், பங்க் கடைகளில் நிற்கும் அந்த இயந்திரங்கள். கலிஃபோர்னியா 2024 ஜனவரியிலிருந்து ஒருவர் ஒரு நாளைக்கு 1,000 டாலருக்கு மேல் போட முடியாதபடி வரம்பு வைத்தது. மின்னசோட்டா, புதிய வாடிக்கையாளருக்கு வரம்பு வைத்ததோடு, மோசடி என்று சீக்கிரம் புகார் கொடுத்தால் பணத்தைத் திருப்பித் தரவும் சொன்னது. ஐயோவாவின் அட்டர்னி ஜெனரல் 2025 பிப்ரவரியில் இரண்டு இயந்திர நிறுவனங்கள்மீது வழக்குப் போட்டார். தங்கள் மாநிலத்தவர் 2 கோடி டாலருக்கு மேல் இழந்திருக்கிறார்கள் என்பது அவர் வாதம். அவர் குடியரசுக் கட்சிக்காரர். கட்சி பேதமில்லாமல் செய்யக்கூடிய காரியம் இது என்பதற்கு வேறென்ன வேண்டும்?

நாடு முழுவதற்கும் பொருந்தும் மசோதா ஒன்றும் தயாராக இருக்கிறது. இலினாய் செனட்டர் டிக் டர்பின் 2025 பிப்ரவரியில் கொண்டுவந்தது. புதிய வாடிக்கையாளர் ஒரு நாளைக்கு 2,000 டாலரும் 14 நாளில் 10,000 டாலரும்தான் செலுத்தலாம், 500 டாலரைத் தாண்டினால் நிறுவன ஊழியர் அவரோடு நேரடியாகப் பேச வேண்டும், 30 நாளுக்குள் புகார் வந்தால் பணத்தைத் திருப்ப வேண்டும் என்கிறது அது. ஊழியர் ஒருவர் பேசினாலே, மறுமுனையில் போனைப் பிடித்துக்கொண்டிருக்கும் மோசடிக்காரனின் பிடி தளர்ந்துவிடும். டர்பின் மீண்டும் போட்டியிடப்போவதில்லை என்று அறிவித்துவிட்டார். 2027 ஜனவரியோடு அவர் பதவிக்காலம் முடிகிறது. அதற்குள் செனட் இதை வாக்கெடுப்புக்கு எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால், அதிபர் பதவிக்கு அடுத்து நிற்கப்போகிறவர்கள் இந்த மசோதாவை ஆதரிப்பார்களா இல்லையா என்று ஐயோவா வாக்காளர்கள் தங்கள் ஊர்க் கூட்டங்களில் எழுந்து நின்று கேட்க வேண்டும்.