ரெண்டு கையும் வேணும்



தென்காசியில் சாரல் தொடங்கினால் முதலில் மல்லுக்கு நிற்பது துணிதான். கொடியில் போட்டு மூன்று நாளானாலும் ஈரவாடை போகாது. பருத்திச் சேலைக்குக் கஞ்சி போட்டால் விறைக்காது, பிசுபிசுவென்று கையோடு வரும். ஊர் உலகமெல்லாம் குற்றாலத்துக்கு வந்து தலை நனைத்துவிட்டுப் போகும் ஆனி, ஆடி மாதங்களில், காலை ஒன்பதரை மணிக்கு மடிப்புக் கலையாமல் பள்ளியிலோ வங்கியிலோ ஊராட்சி அலுவலகத்திலோ போய் உட்கார வேண்டிய எங்கள் ஊர்ப் பெண்கள் படும் பாடு தனி.

என் அத்தை இலஞ்சிப் பக்கம் ஒரு பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்தவர். சாரல் மாதங்களில் அடுப்படிக்குள்ளேயே கொடி கட்டி, வடிகஞ்சியில் முக்கிய சேலையை அடுப்பு வெக்கையில் உலர்த்துவார். விடியற்காலையில் கரிப்பெட்டியால் இரண்டு தரம் தேய்ப்பார். தோளில் முந்தானை மடிப்பை அடுக்கி, ரவிக்கையோடு சேர்த்து உள்பக்கமாக ஒரே ஒரு ஊக்கு. வெளியே பார்த்தால் ஊக்கு இருப்பதே தெரியாது. சேலைக்கரை மட்டும் கணுக்காலுக்கு இரண்டு விரற்கடை மேலே நிற்கும்.

“ஏன் அத்தை இம்புட்டு ஏத்திக் கட்டுதிய?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ரெண்டு கையும் எனக்கு வேணும்ட்டி. கொசுவத்தப் பிடிக்கதுக்கு ஒண்ணக் குடுத்துட்டா, வேலைக்கு ஒண்ணுதான மிஞ்சும்?”

அன்று அது எனக்குப் புரியவில்லை. நானே ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று, நழுவிய முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டே பேசி, சொல்ல வந்ததில் பாதியைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்த நாளில்தான் புரிந்தது. தன்னம்பிக்கையான உடை என்றால் விலை கூடிய உடை என்றுதான் பலரும் நினைக்கிறோம். உடுத்திய பிறகு அதை மறந்துவிட முடிகிறதா என்பதுதான் என் கணக்கு.

ஆண்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. தேர்தலில் நின்றாலும் சரி, ஜெயித்தாலும் சரி, வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டை கடையில் காத்திருக்கிறது. போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினால் போதும், ‘தலைவர் வாறாரு’ என்று வழி விடுவார்கள். தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கி 2016இல் சட்டம் வந்தது. நாற்காலி வந்தது, அதில் உட்காரும் பெண்ணுக்கு அப்படி ஆயத்தமான உடை எதுவும் வரவில்லை.

2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானது. மாவட்டப் பிரிப்பால் தள்ளிப்போன உள்ளாட்சித் தேர்தல் இங்கே 2021 அக்டோபரில் நடந்தது. கடையம் ஒன்றியம் வெங்கடாம்பட்டி ஊராட்சிக்குத் தலைவரானவர் பொறியியல் படித்த 21 வயது சாருகலா. அதே தேர்தலில், பக்கத்துத் திருநெல்வேலி மாவட்டம் சிவந்திபட்டி ஊராட்சியில் ஜெயித்த பெருமாத்தாளுக்கு வயது 90. பேத்தியாகவும் பாட்டியாகவும் இருக்கக்கூடிய இந்த இருவருக்கும் பதவி ஒன்று, கையெழுத்துப் போடும் அதிகாரமும் ஒன்று. ஆனால் எந்த ஜவுளிக்கடையிலும் ‘இதுதான் தலைவர் சேலை’ என்று ஒன்றை எடுத்துப் போட மாட்டார்கள். முன்னுதாரணம் இல்லாத இடத்தில் ஒவ்வொரு பெண்ணும் தன் உடையைத் தானே யோசித்து உண்டாக்க வேண்டியிருக்கிறது. அந்த யோசனையை ‘அலங்காரம்’ என்று சொல்லித் தள்ளிவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

ஜெயலலிதா 1991இல் முதல்வரானபோது சேலைக்கு மேல் தோள்களை மூடும் ஒரு மேலங்கியை அணிந்தார். அதுவரை தமிழக அரசியல் மேடை அப்படி ஓர் உடையைக் கண்டதில்லை. பிடித்தவர்களும் உண்டு, குறை சொன்னவர்களும் உண்டு. பிற்காலத்தில் அவரே அதை விட்டுவிட்டார். ஆனால் ஆண்கள் நிறைந்த மேடையில் தன் உருவம் எப்படித் தெரிய வேண்டும் என்பதை முடிவு செய்தவர் அவர்தான்.

இந்திரா நூயியின் கதையை நான் பல பெண்களிடம் சொல்லியிருக்கிறேன். சென்னையில் வளர்ந்தவர், 1978இல் மேற்படிப்புக்கு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் போனார். கோடைக்கால வேலைக்கான நேர்காணலுக்கு, இருந்த பணத்தில் 50 டாலருக்கு ஒரு சூட் வாங்கினார். கால்சட்டை குட்டை, அளவும் பொருந்தவில்லை. பார்த்தவர்கள் முகம் போன போக்கில் கூனிக் குறுகிப்போனார். வேலைவாய்ப்புக்கு வழிகாட்டும் அம்மையார் அவரிடம், ஊரில் இருந்தால் நேர்காணலுக்கு எதை உடுத்துவாய் என்று கேட்டார். சேலை என்றதும், அப்படியென்றால் அதையே உடுத்திக்கொண்டு போ என்றார். அடுத்த நேர்காணலுக்குச் சேலையில் போனார், வேலையும் கிடைத்தது. பெப்சிகோ நிறுவனத்தை 2006 முதல் 2018 வரை நடத்தியவர் அவர். குட்டைக் கால்சட்டையைப் பற்றிய கவலை போனதும் எதிரே இருப்பவர் கேட்கும் கேள்வி காதில் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன் நாடாளுமன்றத்துக்கு வரும் நாட்களில் கைத்தறிச் சேலையைத் தேர்ந்தெடுப்பதும் இந்த வகைதான். 2025 பிப்ரவரியில் பட்ஜெட் வாசிக்க வந்தபோது உடுத்தியிருந்தது மதுபனி ஓவியம் தீட்டிய சேலை. பத்மஸ்ரீ விருது பெற்ற ஓவியர் துலாரி தேவி பரிசாகக் கொடுத்தது. அன்று பட்ஜெட்டோடு சேர்ந்து பீகாரில் ஓவியம் தீட்டும் பெண்களும் செய்தியானார்கள். நம் மாவட்டத்துச் சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சத்தம் ஓயாத தெருக்கள் இருக்கின்றன. ஆகஸ்டு 15 கிராம சபைக்கு நம் ஊராட்சித் தலைவிகள் அங்கே நெய்த சேலையில் வந்து உட்கார்ந்தால் அதுவும் பேசப்படும்தானே.

சேலையைத்தான் சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். கிரிஜா வைத்தியநாதன் தலைமைச் செயலாளராக இருந்த 2019இல் வந்த அரசாணை, பெண் ஊழியர்கள் சேலையோ, சல்வார் கமீஸோ, துப்பட்டாவுடன் சுடிதாரோ அணியலாம் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மேடும் பள்ளமுமான பாதையில் ஸ்கூட்டி ஓட்டி நான்கு கிராமம் சுற்றும் கிராம நிர்வாக அலுவலருக்குச் சுடிதார்தான் தோதென்றால் அதுவே அவருடைய பதவிக்கான உடை. ஆனாலும் ‘மேடம் சேலையில வந்தாத்தான் மரியாதை’ என்று சொல்லும் வாய்கள் இன்னும் ஓயவில்லை. நானும் ஒரு காலத்தில் ஓர் அலுவலகத்தில் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறேன். எழுதி ஒட்டிய விதி என்றால் எதிர்த்துக் கேட்கலாம், முகத்தைச் சுளித்துக் காட்டும் விதியிடம் என்ன கேட்பது?

தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஸோஹோ மென்பொருள் நிறுவனம் இயங்குகிறது. அதன் நிறுவனர்களில் ஒருவரான, வேட்டி சட்டையில் வலம் வரும் ஸ்ரீதர் வேம்புவை நாடே எளிமைக்கு உதாரணம் சொல்கிறது. சொல்ல வேண்டியதுதான். அதே எளிமையோடு, கசங்கிய பருத்திச் சேலையில் ஒரு பெண் அதிகாரி கூட்டத்துக்கு வந்தால் எத்தனை பேர் அதை எளிமை என்பார்கள்? ‘வீட்ல ஏதும் பிரச்சினையா மேடம்?’ என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். ஒரு பெண் தன் உடையில் செலவழிக்கும் நேரத்தில் பாதி இந்தக் கேள்வியை வரவிடாமல் தடுப்பதற்காகச் செலவாகிறது. அந்த நேரம் அவளுக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

குற்றாலம் பராசக்தி மகளிர் கல்லூரி 1964இல் தொடங்கியது. அங்கே படித்து, நாற்காலியில் உட்கார்ந்து, ஓய்வும் பெற்றுவிட்ட அக்காமார் நம் வாசகர்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். முதல் நாள் பொறுப்பேற்கப் போனபோது எதை உடுத்தினீர்கள்? யாருடைய சேலை, யார் தேய்த்துக் கொடுத்தது, யார் என்ன சொன்னார்கள்? எழுதி அனுப்புங்கள். இளையவர்களும் எழுதுங்கள்.

இந்த இதழுக்காகச் சந்தித்த ஊராட்சித் தலைவி ஒருவர், பேசிக்கொண்டிருக்கும்போதே சுடிதாரின் பக்கவாட்டிலிருந்து செல்போனை எடுத்தார். தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்று மேலத்தெருவிலிருந்து அழைப்பு. பேசி முடித்து, போனை உள்ளே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் பதிவேட்டைப் பிரித்தார். “பை வச்சுத்தான் தைக்கணும்னு டெய்லர்ட்ட சண்டை போட்டேன்க்கா. பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கும்மா பைன்னாரு. கால் மீட்டர் துணி கூடக் கொடுத்தேன், தச்சிட்டாரு.”

அன்புடன்,
ஆசிரியர்