ஆசிரியருக்கு என்ன குறை என்பவர்களுக்கு

“கை நிறையச் சம்பளம், கோடை விடுமுறை, பணிப் பாதுகாப்பு. அரசுப் பள்ளி ஆசிரியருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?” டீக்கடையிலும் கேட்கிறார்கள், தொலைக்காட்சி விவாதத்திலும் கேட்கிறார்கள். தலைமை ஆசிரியர் எப்படிப்பட்டவராக இருந்தாலும் ஆசிரியருக்கு ஒன்றுதான் என்ற எண்ணம் இதற்குள் இருக்கிறது. அதை ஏற்க முடியாது.

சம்பளம் வேண்டும்தான், குறைந்தால் மனம் கசக்கும். கூடினால் மட்டும் வேலையில் நிறைவு வந்துவிடாது என்று 1959லேயே உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க் எழுதிவிட்டார். அவர் பேசியது பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும் என்பீர்கள். சரி, ஆசிரியர்களையே பார்ப்போம். அமெரிக்க ஆசிரியர்கள் ஏன் பள்ளியை விட்டுப் போகிறார்கள் என்று ரிச்சர்ட் இங்கர்சால் ஆராய்ந்து 2001இல் வெளியிட்டார். குறைந்த சம்பளத்தோடு, நிர்வாகம் துணை நிற்காததும் முடிவெடுப்பதில் தங்களுக்கு இடமில்லாததும் காரணங்களாக வந்தன. நம்மூரில் அரசு வேலையை எளிதில் யாரும் விடுவதில்லை. அதனால் இங்கே அதிருப்தி ராஜினாமாக் கடிதமாக வெளிப்படாது. மாறுதல் கலந்தாய்வு விண்ணப்பமாக வரும். அதுவும் கிடைக்காவிட்டால், உயிரில்லாத வகுப்பாக வரும்.

“தலைமை ஆசிரியர் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது? நியமனம், மாறுதல் எல்லாம் துறையிடம்” என்பது அடுத்த வாதம். பெரிய அதிகாரங்கள் அவரிடம் இல்லை என்பது சரி. ஆனால் ஆசிரியரின் ஒவ்வொரு நாளும் அவர் கையில் இருக்கிறது. கால அட்டவணையில் மதியத்துக்குப் பிந்தைய கடைசிப் பாடவேளைகள் யாருக்கு? விடுப்பில் போனவரின் வகுப்பை எப்போதும் யார் பார்ப்பது? கணினி தெரியும் என்பதற்காக எமிஸ் என்னும் கல்வித் தகவல் இணையதளப் பதிவு முழுவதும் புதிதாக வந்த ஆசிரியையின் தலையில் விழலாமா? குழந்தைக்குக் காய்ச்சல் என்று தற்செயல் விடுப்பு கேட்டால், ஒருவருக்கு உடனே கையெழுத்து, இன்னொருவருக்கு அரைமணி நேர விசாரணை. பெற்றோர் வந்து சத்தம் போடும்போது, நடந்ததைக் கேட்காமலே ஆசிரியரை அவர்கள் முன் திட்டுபவரும் உண்டு. இந்த ஓரவஞ்சனையை எந்த ஊதியக் குழுவாலும் ஈடுகட்ட முடியாது.

“கண்டிப்பானவராக இருந்தால் போதும், ரிசல்ட் வரும்” என்கிறார்கள். கண்டிப்பு தன்னிடமிருந்து தொடங்கினால் நானும் வரவேற்பேன். நூறு சதவீதத் தேர்ச்சிக்காக, மெதுவாகப் படிக்கும் பிள்ளையை ஒன்பதாம் வகுப்போடு டி.சி. கொடுத்து அனுப்பச் சொல்வது கண்டிப்பாகாது, அநீதி. அதற்குத் துணைபோகும் ஆசிரியர் தன் தொழிலையே வெறுக்கத் தொடங்குவார். சிகாகோ பள்ளிகளை ஆராய்ந்த பிரைக்கும் ஷ்னைடரும் 2002இல் வெளியிட்ட நூலில், பள்ளி முன்னேற நம்பிக்கை வேண்டும் என்றார்கள். அந்த நம்பிக்கையின் கூறுகளில் ஒன்றாக நேர்மையை வைத்தார்கள்.

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் திருக்குறள் விளக்குவது அந்த நேர்மைக்கு ஈடாகாது.

தலைமை ஆசிரியர்களே, பதிலி வகுப்புகளையும் எமிஸ் பணியையும் யார் யாருக்கு எத்தனை என்று எழுதி, ஆசிரியர் அறையில் எல்லோரும் பார்க்க ஒட்டுங்கள். உங்கள் பெயரையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.