கொம்பல்ல, தாடை

ஜப்பானின் பண்டாய் நிறுவனம், தொட்டால் உருண்டையாகச் சுருண்டுகொள்ளும் சிற்றுயிர் ஒன்றைப் பெரிதாக்கி 2018இல் மூட்டசைவுள்ள பொம்மையாக வெளியிட்டது. அந்த வரிசையில் பின்னர், ஆங்கிலத்தில் ஸ்டாக் பீட்டில் எனப்படும் வண்டுகளும் வந்தன. கால்கள் மூட்டுக்கு மூட்டு மடங்குகின்றன. தாடைகள் திறந்து மூடுகின்றன. வளர்ந்தவர்கள் இவற்றைக் காசு கொடுத்து வாங்கிச் சேர்ப்பதைக் கண்டால் நம்மவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வருவது பொறாமை.

இது நேற்று முளைத்த பித்தல்ல. எடோ காலத்தில் போர்கள் ஓய்ந்தபின், கவசம் செய்துவந்த மியோச்சின் மரபுக் கொல்லர்கள் தம் கைத்திறனை அசையும் இரும்பு உருவங்களில் இறக்கினர். ‘ஜிசாய் ஒகிமோனோ’ என்று இன்று அறியப்படும் அக்கலையின் 1713ஆம் ஆண்டு டிராகன் ஒன்று டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. நண்டும் வண்டும்கூட அவ்வாறு செய்யப்பட்டன. ஒரு காலை மடங்கச் செய்ய வேண்டுமானால், அது எங்கே மடங்குகிறது என்று முதலில் பார்த்தாக வேண்டும். அந்தப் பார்வைதான் என் பொறாமைக்குக் காரணம்.

நம்மிடம் இவ்வண்டுக்கு மக்கள் வழக்கில் நிலைத்த பெயர் இருப்பதாகத் தெரியவில்லை. இங்கே ‘கவைத்தாடை வண்டு’ என்று வைத்துக்கொள்கிறேன். கொம்புபோல் தோன்றுவது உண்மையில் கொம்பல்ல, ஆண்வண்டு சண்டையிடப் பயன்படுத்தும் தாடை. தாம்பரத்துத் தென்னைகளில் துளையிடும் காண்டாமிருக வண்டுக்கோ தலையில் மெய்யாகவே கொம்பு உண்டு. இரண்டும் வேறு வேறு குடும்பங்கள். நம் கதைகளில் இரண்டுமே ‘ஏதோ ஒரு கருவண்டு’. தும்பி, சுரும்பு, ஞிமிறு என்று சொற்களைப் பகுத்து வைத்திருந்த மொழியின் இன்றைய நிலை இது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். காண்டாமிருக வண்டின் புழு எருக்குழியிலும் மட்கிய தென்னந்தடியிலும் வளர்கிறது. அவற்றை அப்புறப்படுத்தச் சொல்லும் வேளாண் அறிவுரை தென்னந்தோப்புக்கு முற்றிலும் சரி. கவைத்தாடை வண்டின் புழுவோ காட்டில் மட்கும் மரத்தைத் தின்று, பல இனங்களில் ஓராண்டுக்கும் மேலாக அதனுள்ளேயே வாழ்ந்து, மரத்தை மண்ணாக்குகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இமயச் சரிவுகளிலும் இவை உண்டு. பெயரறியாதவனுக்கு எல்லா வண்டும் தொல்லை. எல்லாப் பட்டமரமும் குப்பை.

பொம்மையின் குறையும் இங்கேதான். அது வண்டின் உடலைத் தருகிறது, வீட்டைத் தருவதில்லை. தீப்பெட்டிக்குள் இலை போட்டு நாம் பொன்வண்டு வளர்த்ததும் அவ்வகைதான். வண்டு நம் கையில் இருந்தது, அதன் மரம் இல்லை. உயிரோடிருந்ததை அடைத்துச் சாகடித்த நம்மைவிடப் பொம்மை வாங்குகிறவர் மேல் என்றே சொல்வேன்.

1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் வளாகம், இப்புறநகரில் எஞ்சியிருக்கும் அரிய புதர்க்காடுகளில் ஒன்று. அங்கு கவைத்தாடை வண்டைத் தேடச் சொல்லவில்லை. விழுந்த மரத்தில் என்னென்ன வாழ்கின்றன என்று குனிந்து பார்க்கலாம் என்கிறேன். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. சாலையில் கிடந்ததை அகற்றத்தான் வேண்டும். யாருக்கும் இடைஞ்சலின்றிப் பூங்காவின் மூலையில் கிடக்கும் அடிமரத்தையும் ஏன் துப்புரவு செய்கிறோம்? அதை மட்கவிடுவது செலவில்லாத காரியம். அதிலிருந்து வெளிவரும் வண்டைச் சரியான பெயரில் எழுதுவது மட்டும் நம் வேலை.